கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் அடி இறக்கம் தீர்ந்துவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 56. மூன்றும் சுகப்பிரசவம். இரண்டு வருடமாக அடி இறங்கியிருக்கிறது. நடந்தால் உருண்டை மாதிரி தட்டுப்படுகிறது, மாலையானால் இடுப்பு கனக்கிறது. கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்கிறார்கள். அதோடு தீருமா, மறுபடி இறங்குமா? யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

பதில்: இரண்டு வருடம் இதை வெளியே சொல்லாமல் நடமாடியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு வருத்தம். இது பல பெண்களுக்கு வருவதுதான், கூச்சப்பட ஒன்றுமில்லை.

கர்ப்பப்பை கெட்டுப்போய் இறங்குவதில்லை. அதைத் தாங்கும் தசைகளும் தசைநார்களும் பிரசவத்தில் இழுபட்டு, மாதவிடாய் நின்றபின் இன்னும் தளர்வதால்தான் இறங்குகிறது. அதனால் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் தளர்ந்த தாங்கல் அப்படியே இருக்கும், பிறகு பிறப்புறுப்பின் மேல்முனையே கீழே வரலாம். எடுக்கும்போதே அந்த மேல்முனையை உள்ளிருக்கும் உறுதியான தசைநாரோடு சேர்த்துத் தைக்க வேண்டும். "மேல்முனையை எதோடு சேர்த்துத் தைப்பீர்கள்?" என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். கர்ப்பப்பையை எடுக்காமலே தூக்கித் தைக்கும் முறையும் இருக்கிறது, அது உங்களுக்குப் பொருந்துமா என்றும் கேளுங்கள்.

மறுபடி இறங்குமா என்றால், சிலருக்கு இறங்கும், குறிப்பாகச் சிறுநீர்ப்பையைத் தாங்கும் பிறப்புறுப்பின் முன்சுவர். தீராத இருமல், மலச்சிக்கல், உடல் பருமன் இருந்தால் வாய்ப்பு அதிகம், அதனால் ஆபரேஷனுக்கு முன்பே அவற்றைக் கவனியுங்கள். ஆனால் பரிசோதனையில் லேசான இறக்கம் தெரிந்தாலும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர்.

தளர்ந்த இடத்தைத் தாங்க மெஷ் என்ற செயற்கை வலை வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியே வைக்கும் வலைகளை விற்கக்கூடாது என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019 ஏப்ரலில் உத்தரவிட்டது. வயிற்று வழியாக வலை வைத்துத் தூக்கிக் கட்டுவது வேறு சிகிச்சை, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் ஒன்று. சிலருக்கு இறக்கத்தைச் சரிசெய்த பிறகுதான் இருமினால், தும்மினால் சிறுநீர் கசியத் தொடங்கும். இறங்கிய பகுதி சிறுநீர்க் குழாயை மடக்கி, இருந்த கசிவை மறைத்திருக்கும். இதை ஆபரேஷனுக்கு முன்பே சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆபரேஷனுக்குப் பின் ஆறு வாரமாவது கனமானதைத் தூக்கக்கூடாது, வீட்டில் இருப்பவர்களிடம் இப்போதே சொல்லிவையுங்கள். அவசரம் இல்லையென்றால் பெசரி வளையம், அதாவது இறங்கியதைத் தாங்கப் பிறப்புறுப்புக்குள் பொருத்தும் வளையம், வைத்துப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம், ஆபரேஷன் வழி அப்போதும் திறந்தே இருக்கும்.