மரவேலை: கேளுங்க, சொல்றோம்

கேள்வி: ஐடி வேலை சார், ஞாயித்துக்கிழமை ஆனா மொட்டை மாடில மரவேலை. யூடியூப் பாத்துட்டு தேக்குல ஒரு சின்ன ஸ்டூல் ஆரம்பிச்சேன். முதல் ஒரு மணி நேரம் ஜாலியா போகுது, அப்புறம் உளி இறங்கவே மாட்டேங்குது, கை வலிக்குது, கடுப்புல அப்படியே போட்டுட்டு கீழ போயிடறேன். இதைவிட காஸ்ட்லி செட் வாங்கணுமா? (வாசகர், திருச்சி)

பதில்: பர்ஸை உள்ள வைங்க சார். ஒரு மணி நேரத்துல இறங்க மாட்டேங்குதுன்னா உளி மழுங்கிடுச்சு, அவ்ளோதான் விஷயம். அதுவும் நீங்க எடுத்தது தேக்கு, அதுல இயற்கையாவே சிலிக்கா இருக்கு, எவ்ளோ விலை குடுத்து வாங்கின உளியா இருந்தாலும் வாய் சீக்கிரம் தேஞ்சிடும். மழுங்கின உளியை நாம அழுத்தித் தள்ளுவோம், அது வழுக்கிட்டு போய் பிடிச்சிருக்கற கையிலதான் ஏறும்.

அதனால கை வலிக்கற வரைக்கும் காத்திருக்காம, நடுநடுவுல எழுந்து தீட்டிடுங்க, அஞ்சு நிமிஷம் கூட ஆகாது. 1000 கிரிட் (கிரிட்னா கல்லு எவ்ளோ நைஸுங்கற அளவு) தீட்டுக்கல்லுல தண்ணி விட்டு, சரிவுப் பக்கத்தை 25லேர்ந்து 30 டிகிரிக்குள்ள வச்சு தேயுங்க, தட்டைப் பக்கம் விரலை வெளிப்பக்கமா ஓட்டினா மெல்லிசா ஒரு பிசிறு தட்டுப்படும், வாய் முழுக்க அது வந்துச்சான்னு பாத்துட்டு தட்டைப் பக்கத்தை கல்லுல அப்படியே படுக்க வச்சு பிசிறை எடுத்துடுங்க. பேக்கிங் பெட்டி பைன் கட்டை இருந்தா அதோட குறுக்குவெட்டுல ஒரு சீவு சீவுங்க. பொடியா உதிர்ந்தா இன்னும் கூர் வரல, வழவழன்னு சீவல் வந்தா ஸ்டூலுக்குத் திரும்பலாம். (யூடியூப்காரங்க இந்த இடத்தைத்தான் ஃபாஸ்ட் ஃபார்வர்ட்ல ஓட்டிடறாங்க!)

கிளம்பும்போதும் ஒரு தடவை தீட்டி, ரெண்டு சொட்டு மெஷின் ஆயில் தடவி வச்சிட்டீங்கன்னா துருவும் பிடிக்காது, அடுத்த ஞாயிறு எடுத்த உடனே வேலைதான். ஃபெவிகால் போடற வேலையை கடைசிக்கு வச்சுக்கோங்க, ஒட்டி கிளாம்ப் இறுக்கிட்டு போயிட்டா ராத்திரி பூரா அது பாட்டுக்கு காயும், மறுநாள் வரைக்கும் அதுமேல யாரையும் உக்கார விடாதீங்க. கோடு போட பென்சில் வேண்டாம், கத்தியால கீறுங்க, உளி வாய் அந்தக் கீறல்ல போய் கரெக்டா உக்காரும். டயர்ட் ஆயிட்டா மட்டும் எதையும் அறுக்காதீங்க, பெருக்கற வேலையைப் பாருங்க.

கேள்வி: வீட்டுக்காரர் ஹால்லயே உப்புத்தாள் போட்டு தேய்க்கறார், வீடெல்லாம் தூசி. மாஸ்க்னா சிரிக்கறார். (வாசகி, மதுரை)

பதில்: மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கற பொருள்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பே லிஸ்ட்ல போட்டு வச்சிருக்கு, சிகரெட் புகை இருக்கற அதே முதல் குரூப்ல. இதை அவர்கிட்ட படிச்சுக் காட்டுங்க. தேய்க்கறது மாடில, மூஞ்சில என்95. அப்புறம் ஆளி விதை எண்ணெய் பூசறவரா இருந்தா, துடைச்ச துணியை சுருட்டி மூலைல போட விடாதீங்கம்மா, அது தானா சூடாகி தீப்பிடிக்கும். வெளில விரிச்சுக் காயப் போட்டுட்டு அப்புறமா குப்பைல போடச் சொல்லுங்க.