தாய்லாந்தில் விசா நீட்டிப்பு, பார்டர் ரன்: கேள்வி பதில்

கேள்வி: டூரிஸ்ட் விசாவில் வந்திருக்கிறேன். விசாவில் இன்னும் ஒரு மாதம் பாக்கி இருக்கிறது. அதுவரை தங்கலாமா?

பதில்: விசாவில் உள்ள கடைசித் தேதி, அதற்குள் நாட்டுக்குள் வந்துவிட வேண்டும் என்பதற்கு. எத்தனை நாள் தங்கலாம் என்பதை, நுழையும்போது பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரைதான் சொல்லும். டூரிஸ்ட் விசாவுக்கு 60 நாள். பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்துப் பாருங்கள். அந்தத் தேதிக்கு முன்பே இமிகிரேஷன் (குடியேற்ற) அலுவலகம் போய் டி.எம்.7 என்ற நீட்டிப்புப் படிவமும் 1,900 பாட்டும் (தாய்லாந்து நாணயம்) கொடுத்தால் 30 நாள் நீட்டிக்கலாம்.

கேள்வி: ஒரு வருட நீட்டிப்பில் இருக்கிறேன். அவசரமாக ஊருக்குப் போக வேண்டும். திரும்பி வர என்ன செய்வது?

பதில்: ரீ-என்ட்ரி பெர்மிட், அதாவது வெளியே போய்த் திரும்பி வரும் அனுமதி, வாங்காமல் விமானம் ஏறாதீர்கள். அது இல்லாமல் வெளியே போனால் அந்த நிமிடமே உங்கள் நீட்டிப்பு செத்துவிடும். பாக்கி எத்தனை மாதம் இருந்தாலும் கணக்கில் வராது. ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. சுவர்ணபூமி விமான நிலையத்திலும் கிடைக்கும் என்றாலும், கடைசி நேரத்துக்கு வைக்காதீர்கள்.

கேள்வி: ஓவர்ஸ்டே, அதாவது அனுமதித்த தேதிக்கு மேல் தங்குவதற்கு, அபராதம் நாளுக்கு 500. இரண்டு நாள் கூடத் தங்கினால் 1,000தான். நீட்டிக்க 1,900 எதற்கு?

பதில்: இந்தக் கணக்கே வேண்டாம். தங்க அனுமதி இல்லாத நாளில் நீங்கள் சட்டத்துக்குப் புறம்பாக இருக்கிறீர்கள்.

கேள்வி: சும்மா பயமுறுத்துகிறீர்கள். என் நண்பர் விமான நிலையத்தில் கட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

பதில்: அவர் விமான நிலையம் வரை போய்ச் சேர்ந்தார், அவ்வளவுதான். 2016 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த விதி இரண்டு நிலைமைகளைப் பிரிக்கிறது. தானாக வந்து வெளியேறுபவருக்கு, ஓவர்ஸ்டே 90 நாளைத் தாண்டினால் ஒரு வருடத் தடை. ஒரு வருடத்தைத் தாண்டினால் 3 வருடம். நடுவழியில் பிடிபட்டவருக்கு, ஓவர்ஸ்டே ஒரு வருடத்துக்குக் குறைவாக இருந்தாலும் 5 வருடத் தடை. அதில் இரண்டு நாளும் அடக்கம். வீட்டிலிருந்து விமான நிலையம் போகும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினால் போதும்.

கேள்வி: அபராதத்துக்கு உச்சவரம்பு 20,000 பாட் என்கிறார்களே? அப்படியானால் மாதக்கணக்கில் தங்குபவருக்கு லாபம்தானே?

பதில்: உச்சவரம்பு பணத்துக்குத்தான், தடைக்கு இல்லை. வேலை, குடும்பம், வாடகை வீடு எல்லாம் இங்கே இருக்கிறவர் 5 வருடம் வெளியே நிற்பதை எந்தப் பணத்தால் அளப்பீர்கள்? நீட்டிப்புக்கு 1,900, அபராதம் 1,000தான் என்று கணக்குப் போட்டு 900 பாட்டை மிச்சம் பிடிக்கப் போய் இதைப் பணயம் வைக்காதீர்கள். இந்த வாதத்தை இத்துடன் முடித்துக்கொள்வோம்.

கேள்வி: தென் தாய்லாந்தின் ஹாட் யாயில் இருக்கிறேன். மலேசிய எல்லையில் உள்ள பாதாங் பெசார் வழியாக வெளியே போய்விட்டு அன்றே திரும்பி, இப்படிப் பார்டர் ரன் செய்தே காலம் தள்ளலாமா?

பதில்: முடியாது. விசா விலக்கில், அதாவது விசா வாங்காமலே நுழையும் சலுகையில், திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்க விடமாட்டார்கள். ஒவ்வொரு முறையும் அனுமதிப்பது எல்லையில் உள்ள அதிகாரியின் முடிவு. நீண்ட நாள் தங்க நினைத்தால் அதற்கான விசாவைத் தேடுங்கள்.

கேள்வி: 90 நாள் ரிப்போர்ட் செய்துவிட்டேன். விசா நீண்டுவிட்டதா?

பதில்: இல்லை. இதைப் பலரும் மறுபடி மறுபடி கேட்கிறீர்கள். அந்த ரிப்போர்ட்டுக்கான டி.எம்.47 படிவம் முகவரியைத் தெரிவிப்பது மட்டுமே.





கேள்வி: நான் வராமலே நீட்டிப்பு வாங்கித் தருவதாக ஏஜென்ட் பாஸ்போர்ட்டை வாங்கிப் போயிருக்கிறார். சரிதானே?

பதில்: சரியில்லை. இன்றே திரும்ப வாங்குங்கள். புது முத்திரை ஏதாவது விழுந்திருந்தால் நேரே இமிகிரேஷன் அலுவலகம் போய் அது பதிவில் இருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம், ஊருக்குப் போகும் திட்டம் இருந்தால் ரீ-என்ட்ரி பெர்மிட்டை மறக்காதீர்கள்.