கால் ஏக்கர்கூட இல்லாதவர்கள் சேர்ந்து பேசும் எரிவாயுக் குத்தகை: கேள்வி பதில்

டாலஸ்–ஃபோர்ட் வொர்த் வட்டாரத்தின் மேற்குப் பாதி, பார்னெட் ஷேல் என்னும் பாறைப் படலத்தின் மேல் இருக்கிறது. ஆர்லிங்டன், மேன்ஸ்ஃபீல்டு, ஃபிளவர் மவுண்ட் பக்கம் வீடு வாங்கிய நம்மவர்கள், தங்கள் மனைக்கு அடியிலுள்ள எரிவாயுவை எடுக்க ஒரு நிறுவனத்துக்கு உரிமை தரும் குத்தகைக்கு அக்கம்பக்கத்தாருடன் குழுவாகச் சேர்வது குறித்து அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். 2008 ஆம் ஆண்டு எங்கள் குடியிருப்பில் அமைந்த உரிமையாளர் குழுவில் வேலை பார்த்தவன். இங்கே சொல்பவை டெக்சஸ் மாநிலத்துக்கு மட்டுமே பொருந்தும்.

கேள்வி (ஆர்லிங்டன்): ஐயா, வணக்கம். என் மனை 60க்கு 120 அடி. இவ்வளவு சிறிய இடத்தை வைத்துக்கொண்டு ஒரு பெரிய நிறுவனத்திடம் பேரம் பேச எனக்கு என்ன வலு இருக்கிறது?

பதில்: தனியாக நின்றால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆனால் இங்கே தோண்டப்படும் கிணறு ஏறத்தாழ 7,000 அடி ஆழம் இறங்கி, பிறகு படுக்கைவாக்கில் திரும்பிப் பல ஆயிரம் அடி ஓடுகிறது. அந்த ஓட்டத்துக்குத் தொடர்ச்சியான சில நூறு ஏக்கர் நிலம் ஒரே 'யூனிட்' ஆகச் சேர வேண்டும். பண்ணை நிலமாக இருந்தால் இரண்டு மூன்று கையெழுத்தில் முடிந்துவிடும். குடியிருப்புப் பகுதியிலோ அதே பரப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீட்டுக்காரர்கள் இருப்பார்கள். நிறுவனத்தின் சார்பில் வீடு வீடாக வரும் 'லேண்ட்மேன்' ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து, பத்திரம் பார்த்து, கணவன் மனைவி இருவரிடமும் நோட்டரி முன் கையெழுத்து வாங்கியாக வேண்டும். இந்த அலைச்சலையும் காலத்தையும் மிச்சப்படுத்தி, வரைபடத்தில் ஓட்டை விழாமல் ஒரே கட்டாகக் குத்தகைகளைக் கொடுக்கிறோம் என்பதுதான் குழு விற்கும் பண்டம். நிறுவனம் கூடுதலாகத் தருவதும் அதற்காகத்தான்.

2006 இல் டிஎஃப்டபிள்யூ (டாலஸ்–ஃபோர்ட் வொர்த்) விமான நிலையம் தன் வசமிருந்த சுமார் 18,000 ஏக்கரைச் செசபீக் என்னும் எரிவாயு நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டு, 18 கோடி டாலருக்கும் மேல் முன்பணமும் 25 விழுக்காடு ராயல்டியும் (எடுத்து விற்கும் எரிவாயுவின் மதிப்பில் உரிமையாளருக்குச் சேரும் பங்கு) பெற்றது. அதன்பின் ஊரெல்லாம் 25 என்ற எண்ணையே பேசத் தொடங்கியது. பழைய அச்சடித்த படிவங்களில் எட்டில் ஒரு பங்குதான் வழக்கம். அந்தப் படிவத்தை இன்னும் சிலர் வாசலில் நீட்டுகிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் மனை 7,200 சதுர அடி, அதாவது 0.165 ஏக்கர். வரைபடத்தில் தெரு வெறும் போக்குவரத்து உரிமையாக விடப்பட்டிருந்தால், தெருவின் நடுக்கோடு வரை நிலம் பக்கத்து மனைக்காரருடையது என்பது டெக்சஸ் சட்டத்தின் பொதுவான அனுமானம். தெரு 50 அடி அகலம் என்றால் உங்கள் பங்குக்கு இன்னும் 1,500 சதுர அடி சேர்ந்து, மொத்தம் 0.2 ஏக்கர் ஆகிவிடும். ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலான இந்த உயர்வைத் தனியாளாகக் கேட்டால் லேண்ட்மேன் சிரித்துவிட்டுப் போவார். குழுவின் வழக்கறிஞர் கேட்டால் ஒப்பந்தத்தில் எழுதுவார்கள்.

கேள்வி (மேன்ஸ்ஃபீல்டு): என் வீட்டுக்கடியில் இருப்பது என்னுடையதுதான் என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: ஊரில் வில்லங்கம் பார்ப்பதைப் போலவே பார்க்க வேண்டும். டெக்சஸில் மேல்நிலமும் கனிம உரிமையும் தனித்தனிச் சொத்துகள். ஒன்றை விற்று மற்றொன்றை வைத்துக்கொள்ளலாம். புதுக் குடியிருப்புகளில் வீடு கட்டி விற்ற நிறுவனமோ, அதற்கு முன்பு நிலம் வைத்திருந்த குடும்பமோ கனிம உரிமையைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டிருப்பது மிகச் சாதாரணம். வீடு வாங்கிய அன்று கையெழுத்திட்ட பத்திரத்தில் 'ஒதுக்கீடு' (ரிசர்வேஷன்) என்ற பகுதியை முதலில் படியுங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் கவுண்டி கிளார்க் அலுவலகப் பதிவுகளில் பின்னோக்கிச் செல்லுங்கள். வீட்டுக் கடனுக்காக எடுத்த டைட்டில் காப்பீட்டை (சொத்துரிமையில் குறை வந்தால் ஈடு தருவது) நம்பி இருந்துவிட வேண்டாம்; பெரும்பாலும் அது கனிம உரிமையை உள்ளடக்குவதில்லை.

இது தெரியாத நிலையில், குத்தகையில் "இந்தக் கனிமம் என்னுடையதே என உத்தரவாதம் அளிக்கிறேன்" என்ற வாசகம் இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். உரிமை இல்லையென்று பிறகு தெரியவந்தால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தரச் சொல்லும் வாசகம் அது.

கேள்வி (கிராண்ட் பிரெய்ரி): எங்கள் குடியிருப்பின் எச்ஓஏ (வீட்டு உரிமையாளர்) சங்கமே எல்லோருக்கும் சேர்த்து ஒப்பந்தம் போட்டுவிடலாமா?

பதில்: முடியாது. சங்கத்துக்குப் பூங்கா, குளம் போன்ற பொது இடங்களின் உரிமை மட்டுமே உண்டு. உங்கள் கனிமத்தைக் குத்தகைக்கு விடும் அதிகாரம் உங்களுக்கே. கூட்டம் நடத்த இடம் கொடுப்பது, அறிவிப்பு அனுப்புவது போன்ற உதவிகளைச் சங்கம் செய்யலாம்.

நான் பார்த்தவரை நன்றாக நடந்த குழுக்களில் தெருவுக்கு ஒரு பொறுப்பாளர் இருப்பார். குழு ஒரே ஒரு எரிவாயு வழக்கறிஞரை அமர்த்தும். உறுப்பினர் ஒவ்வொருவரும் குத்தகையைத் தாமே படித்துத் தாமே கையெழுத்திடுவார். எவருக்கும் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்காதீர்கள். வழக்கறிஞரின் கட்டணத்தை யார் தருகிறார்கள் என்பதையும் முதல் கூட்டத்திலேயே கேளுங்கள். பல இடங்களில் அது முன்பணத்தில் ஒரு பங்காக அமைகிறது. அப்படி அமைந்தால் முன்பணத்தை உயர்த்துவதில் அவருக்கு இருக்கும் அக்கறை, ராயல்டி வாசகங்களை இறுக்குவதில் இருக்கிறதா என்று நீங்கள்தான் கண்காணிக்க வேண்டும்.

கேள்வி (ஃபோர்ட் வொர்த்): முன்பணம் முக்கியமா, ராயல்டி முக்கியமா? எங்கள் கூட்டத்தில் முன்பணத்தைப் பற்றியே பேசுகிறார்கள்.

பதில்: எல்லாக் கூட்டங்களிலும் அப்படித்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏக்கருக்கு 25,000 டாலர் என்ற, 2008 ஆம் ஆண்டு உச்சத்தை ஒட்டிய விலையிலும் 0.2 ஏக்கர் மனைக்குக் கிடைப்பது 5,000 டாலர், அதுவும் ஒரே முறை.

இனி ராயல்டி. 400 ஏக்கர் யூனிட்டில் ஒரு கிணறு நாளொன்றுக்குப் பத்து லட்சம் கன அடி எரிவாயு தருகிறது என்றும், ஆயிரம் கன அடிக்கு 3 டாலர் விலை என்றும் வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 90,000 டாலர். அந்த யூனிட்டில் உங்கள் பங்கு இரண்டாயிரத்தில் ஒன்று, அதாவது 45 டாலர். அதில் 25 விழுக்காடு என்றால் 11 டாலர் 25 சென்ட். ஒரே யூனிட்டில் பல கிணறுகள் வந்தால் தொகை பெருகும். ஆனால் ஷேல் கிணற்றின் உற்பத்தி முதல் ஆண்டிலேயே பாதிக்கும் மேல் குறைந்துவிடும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதை நம்பி வேலையை விட்டவர் எவரும் இல்லை.

கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. எரிவாயுவை அழுத்துவது, சுத்திகரிப்பது, குழாயில் கொண்டுசெல்வது ஆகியவற்றுக்காக ஆயிரம் கன அடிக்கு ஒரு டாலர் பிடித்தம் செய்தால், உங்கள் 25 விழுக்காடு 7 டாலர் 50 சென்டாகச் சுருங்கிவிடும். பிடித்தம் இல்லாத 20 விழுக்காடு ராயல்டியோ 9 டாலர் தரும். கூட்டத்தில் 25 என்ற எண்ணுக்குக் கைதட்டிவிட்டு, பிடித்தம் பற்றிய பத்தியைப் படிக்காமல் விடுபவர்கள் இந்த ஒன்றரை டாலரை மாதந்தோறும் இழக்கிறார்கள். அதுவும் அந்தக் கிணறு ஓடும் காலம் முழுவதும்.

கேள்வி (அதே வாசகர்): அப்படியானால் "பிடித்தம் கூடாது" என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதாதா?

பதில்: போதாது. 1996 இல் ஹெரிட்டேஜ் ரிசோர்சஸ் எதிர் நேஷன்ஸ்பேங்க் வழக்கில் குத்தகையில் அப்படிப்பட்ட வரி இருந்தது. ஆனால் அதே குத்தகை, ராயல்டியைக் 'கிணற்று வாயிலில் உள்ள சந்தை மதிப்பின்' மேல் கணக்கிடச் சொன்னது. கிணற்று வாயிலில் மதிப்பைக் காண்பதென்றாலே, விற்ற விலையிலிருந்து அழுத்துதல், சுத்திகரிப்பு போன்ற பிந்தைய செலவுகளைக் கழித்துத்தான் காண முடியும். எனவே அந்த வரிக்குப் பயனில்லை என்று டெக்சஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015 இல் செசபீக் எதிர் ஹைடர் வழக்கில், வேறு வாசகங்களோடு எழுதப்பட்டிருந்த பார்னெட் குத்தகையில் நில உரிமையாளர் குடும்பம் வென்றது; அதுவும் ஐந்துக்கு நான்கு என்ற நீதிபதிகளின் கணக்கில்தான். ஆகவே ராயல்டி எந்த இடத்து விலையின் மேல் கணக்கிடப்படுகிறது என்பதுதான் முதல் கேள்வி. தொடர்பில்லாத மூன்றாம் நபருக்கு விற்கும் இடத்தில் கிடைக்கும் மொத்தத் தொகையின் மேல் என்று எழுத வேண்டும். நிறுவனம் தன் துணை நிறுவனத்துக்கே விற்றுக் குறைந்த விலையைக் காட்டுவதற்கும் அந்த வாசகமே தடை.

மற்ற நிபந்தனைகளில் மூன்றை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பேன். முதலாவது, மேல்நிலத்தை எவ்வகையிலும் பயன்படுத்தக் கூடாது. இரண்டாவது, யூனிட்டின் பரப்புக்கு உச்ச வரம்பு. வரம்பில்லாவிட்டால் யூனிட் பெருகப் பெருக உங்கள் பங்கு நீர்த்துப்போகும். மூன்றாவது, கிணற்றை மூடி வைத்துச் சொற்பத் தொகை கொடுத்துக் குத்தகையை நீட்டிக்கும் காலத்துக்கு ஒரு முடிவு. யூனிட்டில் சேராத நிலத்தை விடுவிக்கும் 'பியூ' வாசகத்தைச் சில குழுக்கள் உயிரைக் கொடுத்துக் கேட்கின்றன. பண்ணை நிலத்துக்கு அது அவசியம். முழுதாக ஒரே யூனிட்டில் அடங்கிவிடும் வீட்டு மனைக்கு அதனால் பெரிய பயன் இல்லை. அந்தப் பேரத்தை வைத்து, தோண்டிய ஆழத்துக்குக் கீழுள்ள அடுக்குகளை விடுவிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (ஃபிளவர் மவுண்ட்): நான் கையெழுத்திடவே மறுத்தால் என்ன ஆகும்?

பதில்: பல மாநிலங்களில் மறுப்பவரையும் கட்டாயமாக யூனிட்டில் சேர்த்துவிடலாம். டெக்சஸில் 1965 ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குத் தரும் இடம் மிகக் குறுகியது. ஆனால் மறுத்தால் தோண்டமாட்டார்கள் என்று பொருளில்லை. குத்தகைக்கு வராத மனைக்கு அருகில் கிணறு செல்ல, எண்ணெய் எரிவாயுவைக் கட்டுப்படுத்தும் ரயில்ரோடு கமிஷனிடம் 37 ஆம் விதிப்படி (எல்லையிலிருந்து கிணறு இருக்க வேண்டிய தொலைவு பற்றியது) விலக்கு கேட்கலாம். டாரண்ட் கவுண்டியில் அப்படிக் கிடைத்தும் இருக்கிறது. பக்கத்து நிலத்தில் நீரழுத்தத்தால் பாறையைப் பிளந்ததால் உங்கள் அடியிலிருந்து எரிவாயு நகர்ந்துபோனால், அந்த இழப்புக்கு ஈடு கேட்க முடியாது என்று 2008 இல் கோஸ்டல் எதிர் கார்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொள்கைக்காக மறுப்பது உங்கள் உரிமை; நல்ல விலைக்காக மறுப்பதென்றால் குழுவோடு சேர்ந்து மறுப்பதே பலன் தரும்.

கேள்வி (ஆர்லிங்டன்): காத்திருந்தால் விலை ஏறும் என்கிறார் எங்கள் பொறுப்பாளர். 2008 இல் என்ன நடந்தது?

பதில்: அந்த ஆண்டு ஜூலையில், எரிவாயு விலைக்கு அளவுகோலாகக் கொள்ளப்படும் ஹென்றி ஹப் சந்தையில் எரிவாயு 13 டாலரைத் தாண்டியது, குடியிருப்புக் குழுக்களுக்கு ஏக்கருக்கு 25,000 டாலருக்கும் மேல் கேட்ட விலை வந்தது. அக்டோபரில் நிதி நெருக்கடி முற்றியபோது நிறுவனங்கள் தாங்கள் சொன்ன விலைகளைத் திரும்பப் பெற்றன. அடுத்த ஆண்டு செப்டம்பருக்குள் எரிவாயு விலை 3 டாலருக்கும் கீழே போய்விட்டது. வாய்மொழியாக ஒப்புக்கொண்டு, கையெழுத்துக்கு நாள் குறித்திருந்த குழுக்கள் பல வெறுங்கையோடு நின்றன. பேரம் தொடங்கும் முன்பே, இந்த நிபந்தனைகளும் இந்த விலையும் கிடைத்தால் முடித்துக்கொள்வோம் என்று எழுத்தில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். விலை ஏறிக்கொண்டிருக்கும்போது அந்தத் தீர்மானத்தை நிறைவேற்ற ஒரு கூட்டத்தைச் சம்மதிக்க வைப்பது கடினம். பக்கத்துக் குடியிருப்புக்கு 500 டாலர் கூடக் கிடைத்தது என்ற வதந்தி ஒன்றே போதும், எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

கேள்வி (மேன்ஸ்ஃபீல்டு): காசோலைக்குப் பதிலாக 'டிராஃப்ட்' தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: ஊரில் வங்கியில் எடுக்கும் டிடி போன்றது என்று எண்ணிவிடாதீர்கள். நிறுவனம் உங்கள் உரிமையைச் சரிபார்த்துச் சம்மதித்தால்தான் வங்கி பணம் தரும். அதற்கு 30 நாளோ 90 நாளோ கெடு இருக்கும். இடைப்பட்ட காலத்தில் விலை விழுந்தால், ஏதோ ஒரு காரணம் காட்டித் திருப்பிவிடலாம். அதற்குள் உங்கள் குத்தகையைக் கவுண்டியில் பதிவு செய்திருந்தால், பணமும் இல்லாமல் வேறொருவருக்கு விடவும் முடியாமல் சிக்கிக்கொள்வீர்கள். கையெழுத்தான குத்தகைகள் குழு வழக்கறிஞரின் கையிலேயே இருக்க வேண்டும். பணம் கணக்கில் வந்த பிறகே அவர் அவற்றை ஒப்படைக்க வேண்டும்.

கேள்வி (டென்டன்): இரைச்சல், லாரிகள், புகை இவற்றைக் குத்தகை மூலம் தடுக்க முடியுமா?

பதில்: ஓரளவுக்கு. டென்டன் வாக்காளர்கள் 2014 நவம்பரில் நீரழுத்தப் பிளப்பையே (ஃப்ராக்கிங்) தடை செய்தார்கள். 2015 மே மாதம் மாநிலம் கொண்டுவந்த எச்பி 40 சட்டம் அப்படிப்பட்ட தடைகளைச் செல்லாதவையாக்கியது. இப்போது நகராட்சிக்கு மிஞ்சியிருப்பது இரைச்சல், போக்குவரத்து, விளக்கு, நியாயமான இடைவெளி போன்ற மேல்நில விஷயங்களே. ஃபோர்ட் வொர்த்தில் கிணற்றுக்கும் வீட்டுக்கும் 600 அடி இடைவெளி வேண்டும். ஆனால் அதைக் குறைக்க வீட்டுக்காரர்களிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்க வழியுண்டு. குத்தகைத் தாள்களோடு அந்த ஒப்புதலும் செருகப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பாருங்கள்.

கேள்வி (இர்விங்): ஊரில் நெடுவாசலில் எதிர்த்துப் போராடினோம். இங்கே கையெழுத்திடக் குழு அமைக்கிறோம். முரணாகத் தோன்றவில்லையா?

பதில்: இந்தியாவில் எரிவாயு எடுக்க உரிமம் தருவது அரசு, விவசாயிக்கு மேல்நிலத்துக்கான இழப்பீடு தவிரப் பங்கு ஏதும் இல்லை. அங்கே எதிர்ப்பதற்கோ பணிவதற்கோதான் இடமுண்டு. பேரத்துக்கு இடமே இல்லை. இங்கே சட்டம் உங்களை உரிமையாளர் ஆக்கியிருப்பதால் மூன்றாவது வழி ஒன்று கிடைக்கிறது. தண்ணீரும் காற்றும் பற்றிய கவலை இரண்டு இடத்துக்கும் பொதுவானதுதான். அதனால் கையெழுத்திட மறுப்பவரைக் குழு இழிவாகப் பேசக் கூடாது என்று எங்கள் கூட்டங்களில் வற்புறுத்தியிருக்கிறேன்.

கேள்வி (சவுத்லேக்): வீட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூருக்கே திரும்பப் போகிறோம். ராயல்டி தொடருமா?

பதில்: விற்பனைப் பத்திரத்தில் கனிம உரிமையை வெளிப்படையாக ஒதுக்கி வைத்துக்கொண்டால் தொடரும்; ஒரு வரியும் எழுதாமல் விற்றால் வீட்டோடு அதுவும் போய்விடும். அமெரிக்காவில் வசிப்பவராக இல்லாமல் போன பிறகு ராயல்டியில் 30 விழுக்காடு வரியாகப் பிடிப்பார்கள். அதை நிலச் சொத்து வருமானமாகக் கருதிச் செலவு கழித்து வரி கட்டும் தெரிவு ஒன்றும் உண்டு. இந்தியாவில் வசிப்பவரானதும் அங்கும் இந்த வருமானத்தைக் காட்ட வேண்டும். மாதம் பத்துப் பதினைந்து டாலருக்காக இரண்டு நாட்டிலும் கணக்கு எழுத ஆடிட்டருக்குக் கொடுக்கும் கட்டணத்தை எண்ணிப் பார்த்தால், கனிம உரிமையை வீட்டோடு சேர்த்து நல்ல விலைக்குக் கொடுத்துவிடுவதே பலருக்கு லாபம். கிணறு இன்னும் தோண்டப்படாத யூனிட் என்றால் மட்டும் சற்று யோசியுங்கள்.