புரோநோட்டின் பின்பக்கம் யார் கையெழுத்து?

கேள்வி: தெரிந்தவருக்கு 10.6.2022 அன்று புரோநோட் எழுதி வாங்கிக்கொண்டு 4 லட்சம் ரூபாய் கொடுத்தேன். 14.11.2023 அன்று 30,000 ரூபாய் வட்டி தந்து, நோட்டின் பின்பக்கம் அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். 5.4.2024 அன்று 10,000 ரூபாய் ரொக்கமாகத் தந்தார். அதை நானே பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன். பிறகு பைசா வரவில்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பியாயிற்று. எதுவரை வழக்குப் போடலாம்? இன்னொன்று, மைத்துனரின் நில வழக்கு சார்பு நீதிமன்றத்தில் தோற்று 40 நாளாகிறது. அப்பீல் கெடு முடிந்துவிட்டதா?

பதில்: ‘தாங்கள் வேண்டும்போது தருகிறேன்’ என்று நோட்டில் இருப்பதால், பணத்தைக் கேட்ட நாளிலிருந்துதான் 3 வருடம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, நோட்டு எழுதிய தேதியிலிருந்தே கணக்கு. அப்படியானால் உங்கள் கெடு 10.6.2025-இலேயே தீர்ந்திருக்கும். காப்பாற்றியது 14.11.2023 வரவு. கெடு முடியுமுன் வட்டியோ அசலோ கட்டி, கடன் வாங்கியவர் அதைத் தன் கையால் எழுதினாலோ, பிறர் எழுதியதில் கையெழுத்திட்டாலோ, அன்றிலிருந்து புதிதாக 3 வருடம் ஓடும்.

5.4.2024 வரவு அப்படியில்லை. பணம் வந்தது உண்மைதான். ஆனால் எழுத்து உங்களுடையது, அவர் கையெழுத்தும் இல்லை. கெடுவை நீட்டிக்க அது உதவாது. ஆகவே உங்கள் கடைசி நாள் 2027 ஏப்ரல் அல்ல, 14.11.2026. அது சனிக்கிழமை, அன்று நீதிமன்றம் விடுமுறை என்றால் திறக்கும் முதல் நாளில் பிராது தாக்கல் செய்யலாம். அதுவரை இழுத்தடிக்காதீர்கள்.

வக்கீல் நோட்டீஸ் கெடுவை ஒரு நாள்கூட நிறுத்தாது. கெடுவுக்குள் அவரோ, அவர் சார்பில் அவருடைய வக்கீலோ கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட பதில் அனுப்பினால் மட்டும் பலன் உண்டு. பதிலை உறையோடு பத்திரப்படுத்துங்கள். கெடு கடந்தபின் பின்பக்கம் கையெழுத்து வாங்குவது வீண். அப்போது, பணத்தைத் தருவதாக அவர் புதிதாக எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். எழுதித் தருவாரா என்பது வேறு விஷயம்.

மைத்துனர் விஷயத்துக்கு வருவோம். மாவட்ட நீதிமன்றத்தில் அப்பீலுக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். தீர்ப்பு நகல் பெற ஆன நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். அவர் நகல் மனு போட்டது என்றைக்கு என்று முதலில் கேளுங்கள். தீர்ப்பு வந்த பத்தாம் நாள் போட்டு, இன்னும் நகல் வரவில்லை என்றால் கவலையில்லை. நகலிலேயே மனுப் போட்ட தேதி, தயாரான தேதி எல்லாம் இருக்கும். முத்திரைத்தாள் கேட்டும் கட்டாமல் அவர் தாமதித்த நாட்கள் மட்டும் கழியாது.

30 நாளும் போனபிறகுதான் நகல் மனுவே போட்டார் என்றால், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு அப்பீல் போக வேண்டும். காரணத்தை நீதிபதி ஏற்க வேண்டும். இந்த மன்னிப்பு அப்பீலுக்கு உண்டு, அசல் வழக்குக்குக் கிடையாது. உங்கள் புரோநோட் வழக்கு ஒரு நாள் பிந்தினாலும், எதிராளி வாயே திறக்காவிட்டாலும், நீதிமன்றம் தள்ளுபடி செய்தாக வேண்டும்.