மூன்று கோடுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் உடை, ரசனை, அரசியல், கோபம்கூட எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டவையாகத் தெரிகின்றன. அதனால் இப்போதெல்லாம் நண்பர்கள் கொண்டாடும் எதையும் வேண்டுமென்றே வெறுக்கிறேன். சமூக ஊடகங்களை விட்டு விலகினால் நான் நானாக இருக்க முடியுமா?

க.

அன்புள்ள க.,

கொஞ்ச நாளாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உடையை விடுங்கள், அது பெரிய விஷயமில்லை. ஆனால் அந்த 'வேண்டுமென்றே வெறுக்கிறேன்' இருக்கிறதே, அது சுத்த அபத்தம். நண்பர்களுக்கு எது பிடித்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தானே உங்கள் வெறுப்பையே தேர்ந்தெடுக்கிறீர்கள்?

1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை நடத்தினார். ஓர் அட்டையில் 10 அங்குலக் கோடு. இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். அவற்றில் ஒன்றுதான் 10 அங்குலம். எது சமம்? தனியாகக் கேட்டால் யாரும் தவறுவது அபூர்வம். கூட இருந்தவர்கள், முன்பே பேசிவைத்தபடி, ஒரே தவறான விடையை உரக்கச் சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்களின் விடைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தப் பக்கம் சாய்ந்தன. கண்ணெதிரே இருக்கும் கோட்டிலேயே இந்தக் கதி என்றால், ஒரு தலைவர் யோக்கியரா என்பதில் என்ன ஆகும்?

மனம் தளராதீர்கள். ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஒருமுறைகூடச் சாயவில்லை. விடையை வாய்விட்டுச் சொல்லாமல் தாளில் எழுதச் சொன்னபோது சாய்வு வெகுவாகக் குறைந்தது. நான் பிடித்துக்கொள்வது இதைத்தான்.

ஒரு படம் பார்த்தால், விமர்சனத்தைத் திறக்கும் முன் மூன்று வரி எழுதுங்கள்: பிடித்ததா, எந்த இடம், ஏன். மறுநாளைக்குத் தள்ளாதீர்கள்; அதற்குள் பத்துப் பேர் காதில் போட்டுவிடுவார்கள். பலர் 'பிடித்தது' என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். காரணம் இல்லாத வரி முதல் எதிர்ப்பிலேயே கரைந்துவிடும். பிறகு மற்றவர்களைப் படியுங்கள். கருத்து மாறினால் பழையதை அழிக்காமல், எந்த வாதம் மாற்றியது என்று அடியில் எழுதுங்கள். எழுத எந்த வாதமும் வராமல் கருத்து மட்டும் மாறியிருந்தால், உங்களை இழுத்தது தலைகளின் எண்ணிக்கைதான். கோபத்துக்கும் இதுவே. யார், யாருக்கு, என்ன செய்தார் என்று சொந்தச் சொற்களில் எழுத வரவில்லையா? அந்தச் செய்தியைப் பகிராதீர்கள்.

ஊடகங்களை விட்டு விலகுவது உங்கள் விருப்பம். விலகினாலும் வீடும் அலுவலகமும் இருக்கத்தான் செய்யும். அதைவிட ஒரு துணையைத் தேடுங்கள். ஆஷின் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னபோது சாய்வு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. அவரே பாதியில் கட்சி மாறியதும் மறுபடி ஏறிவிட்டது. ஆகவே உங்களை மகிழ்விக்கப் பேசாத ஒரு நண்பராகப் பாருங்கள். அவரும் தன் மூன்று வரியை எழுதட்டும். இருவரும் எழுதி முடிக்கும்வரை அந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ள வேண்டாம்.