அப்பாவின் தொகுதியில் நின்ற மகள்

அன்புள்ள ஐயா,

நான் கால்வேயில் வேலை பார்க்கிறேன். அயர்லாந்தின் தேசிய அரசியலில் இருந்த ஒரு பெண்ணைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லி மகளின் பள்ளியில் கேட்டிருக்கிறார்கள். அவள் மாய்ரே கேகன்-குவினைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். அப்பா இறந்த அனுதாபத்தில் உள்ளே வந்தவர்தானே, நாட்டின் முதல் பெண் குடியரசுத் தலைவர் மேரி ராபின்சனைப் பற்றி எழுது என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். கட்டுரையை எங்கிருந்து தொடங்கலாம்? பெயரைத் தமிழில் இப்படி எழுதுவது சரியா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பெயர் இப்படியே இருக்கட்டும். மேரி ராபின்சன் பெரிய ஆளுமை, அதிலும் சந்தேகமில்லை. ஆனால் ஆசையாகத் தேர்ந்தெடுத்து வந்த குழந்தையிடம் 'அனுதாபத்தில் வந்தவர்' என்று சொல்லியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. வாரிசு என்ற குற்றச்சாட்டு பெண் என்றால் மட்டும் ஏன் இவ்வளவு சுலபமாக நாக்கில் வருகிறது என்று கொஞ்ச காலமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

1975-ல் கால்வே மேற்குத் தொகுதி உறுப்பினர் ஜானி கேகன் இறந்தார். மார்ச் மாத இடைத்தேர்தலில் மகள் நின்று ஜெயித்தார். கார்னா என்ற ஐரிஷ் பேசும் கடலோர ஊர்க்காரர், ஆசிரியர் பயிற்சி முடித்தவர், வயது 24. சரி. அதே வருடம் நவம்பரில், பக்கத்து மேயோவில், ஹென்றி கென்னி இறந்ததால் இடைத்தேர்தல் வந்தது. ஜெயித்தவர் அவர் மகன் எண்டா கென்னி. அவரும் பள்ளி ஆசிரியர்தான், அவருக்கும் 24தான், 2011-ல் நாட்டின் பிரதமரானார். 1984-ல் பிரையன் கவன், அவரும் அப்பா இறந்து வந்த இடைத்தேர்தலில் அதே 24 வயதில் நாடாளுமன்றம் போனவர், 2008-ல் பிரதமர். மகள் இந்த இருவரில் ஒருவரை எழுதப் போகிறேன் என்றிருந்தால் 'அனுதாபம்' என்ற சொல் உங்கள் வாயில் வந்திருக்குமா? நேர்மையாகச் சொல்லுங்கள்.

அங்கே தேர்தல் நடக்கும் விதத்தையாவது கவனித்திருக்கலாம், அந்த ஊரிலேயே இருக்கிறீர்கள். பொதுத்தேர்தலில் ஒரு தொகுதிக்குப் பல இடங்கள். வாக்காளர் 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடுவார். ஒரே கட்சி பலரை நிறுத்தும், அதனால் எதிர்க்கட்சியைவிடச் சொந்தக் கட்சிக்காரர்தான் பெரிய தலைவலி. அனுதாபம் முதல் தடவை கைகொடுக்கும். அதற்குப் பிறகு இந்தப் பெண் 7 பொதுத்தேர்தல்களில் ஜெயித்து 22 வருடம் அந்த இடத்தை விடாமல் வைத்திருந்தார். 7 முறையும் அப்பாவா வந்து ஓட்டுக் கேட்டார்?

அப்புறம், வேறு எந்த வழியில் வந்திருக்க முடியும் என்றும் கேளுங்கள். 1921-ல் டால் என்னும் கீழவைக்குத் தேர்வான 6 பெண்களில் நால்வர் சுதந்திரப் போராட்டத்தில் உயிர்விட்டவர்களின் தாய், சகோதரி, மனைவியர். 1973 வரை அரசுப் பணியில் இருக்கும் பெண் கல்யாணமானால் வேலையை விட வேண்டும். பெண்ணின் வாழ்வு வீட்டுக்குள் என்று 1937 அரசியலமைப்பில் எழுதியே வைத்திருந்தார்கள். நாட்டின் முதல் பெண் கேபினட் அமைச்சரான மார்க்கிவிச் சீமாட்டி தொழிலாளர் துறையை விட்டது 1922-ல். அடுத்த பெண் கேபினட் அமைச்சர் வர 1979 ஆனது, அது இந்தக் கேகன்-குவின்தான். 57 வருடம் பூட்டியே கிடந்த கதவு, ஆர். அப்பாவின் பெயர்தான் திறந்தது என்றால் வெட்கப்பட வேண்டியவர் அவரா?

உள்ளே போய் என்ன செய்தார் என்பதற்கு 1993 போதும். ஆண்களுக்கிடையிலான ஓரினச்சேர்க்கையைக் குற்றமாக்கிய பிரிட்டிஷ் காலச் சட்டங்கள் அயர்லாந்தில் இன்னும் இருந்தன. டேவிட் நாரிஸ் தொடுத்த வழக்கில் அவை மனித உரிமைக்கு எதிரானவை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1988-லேயே சொல்லிவிட்டது. நாரிஸுக்காக வாதாடியவர் உங்கள் ராபின்சன். தீர்ப்பு வந்து 5 வருடமாகியும் அரசு தொடவில்லை. நீதித்துறை அமைச்சராக வந்த கேகன்-குவின் தொட்டார். அவர் இருந்த ஃபியன்னா ஃபால் பழமையில் ஊறிய கிராமங்களின் ஓட்டை நம்பிய கட்சி. ஓரினச்சேர்க்கையாளருக்கு மட்டும் பாலுறவுக்கான சம்மத வயதை உயர்த்திப் பெயருக்கு ஒரு சட்டம் போட்டிருக்கலாம். அவர் எல்லோருக்கும் ஒரே வயது, 17, என்று வைத்தார். கையெழுத்திட்ட குடியரசுத் தலைவரும் ராபின்சன்தான். நீங்கள் மகளிடம் எதிரெதிராக நிறுத்திய இரண்டு பெண்களும் ஒரே சட்டத்தில் சேர்ந்து நிற்கிறார்கள்.

1997-ல் குடும்ப விஷயம் பத்திரிகையில் வந்ததும் அரசியல் போதும் என்று விலகினார். பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆராய்ச்சித் துறை ஆணையரானதையெல்லாம் மகளே கண்டுபிடித்துக்கொள்வாள்.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். அது அவள் கட்டுரை, அவள் முடிவு செய்யட்டும். 1993 ஜூன் மாத டால் விவாதம் முழுவதும் நாடாளுமன்றத் தளத்தில் இருக்கிறது, அதை மட்டும் எடுத்துக் கொடுங்கள். அதற்கு முன்னால், சொன்னது தப்பு என்று அவளிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், இன்றைக்கே.