கண்ணாடியில் பிடித்த வெயில்

கேள்வி: பால்கே விருது பெற்ற முதல் ஒளிப்பதிவாளர் வி.கே. மூர்த்தி என்கிறார்கள். அப்படி என்ன செய்தார்?
- கல்லூரி மாணவி, கரூர்

பதில்: ‘காகஸ் கே ஃபூல்’ (1959) பாருங்கள் அம்மா. குரு தத் இயக்கி நடித்த இந்திப் படம்; நம் நாட்டின் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படம். ஆளில்லாத ஸ்டுடியோவில் குரு தத்தும் வஹீதா ரஹ்மானும் விலகி நிற்க, உயரத்திலிருந்து ஓர் ஒளிக்கற்றை சாய்வாக இறங்கும். அது விளக்கு அல்ல, வெயில்!

விளக்கு வெளிச்சம் போகப் போக விரிந்துவிடும். வெயில் அப்படியே நேராக வரும். குரு தத் கேட்டது அந்த வெயிலைத்தான். மூர்த்தி வெளியே ஒரு பெரிய கண்ணாடியை வைத்து, அதில் விழுந்த வெயிலை உள்ளே உயரத்தில் இருந்த இன்னொரு கண்ணாடிக்கு அனுப்பி, அங்கிருந்து கீழே இறக்கினார்.

நான் கொஞ்ச காலம் உதவி ஒளிப்பதிவாளராக இருந்தேன். வெயிலைத் திருப்பிவிடும் பலகையான ரிஃப்ளெக்டரைப் பிடித்துக் கை மரத்துப்போயிருக்கிறது. ஒத்திகையில் நடிகையின் கன்னத்தில் இருந்த வெளிச்சம், டேக் போவதற்குள் காதுக்கு நழுவியிருக்கும். சூரியன் நமக்காக நிற்குமா? ஒரு ரிஃப்ளெக்டருக்கே இந்தப் பாடு. இரண்டு கண்ணாடி என்றால், முதலாவது இம்மி பிசகினாலும் இரண்டாவதில் ஒன்றுமே விழாது. அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

படம் ஓடவில்லை. மூர்த்திக்கு ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. ‘சாஹிப் பீபி அவுர் குலாம்’ படத்துக்கு இன்னொன்று.

கேள்வி: அவர் குரு தத்திடம் எப்படிச் சேர்ந்தார்? அப்புறம் என்ன ஆனார்?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: 1923இல் மைசூரில் பிறந்தவர். வயலின் வாசிப்பார். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். பெங்களூர் பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவு படித்து 1946இல் வெளியே வந்தார். குரு தத் இயக்கிய ‘பாஸி’ (1951) படத்தில் உதவியாளர்தான். கஷ்டமான ஒரு ஷாட்டை “நான் எடுக்கட்டுமா?” என்று கேட்டு வாங்கி எடுத்தார். குரு தத்துக்குப் பிடித்துவிட்டது; அடுத்த படம் ‘ஜால்’ மூர்த்தி கைக்கு வந்தது.

1964இல் குரு தத் இறந்துபோனார். மூர்த்தி வேலையை விடவில்லை. தூர்தர்ஷனில் வந்த ‘பாரத் ஏக் கோஜ்’ தொடருக்கு அவர் கேமராதான். ‘தமஸ்’ தொடரில் இயக்குநர் கோவிந்த் நிஹலானியோடு சேர்ந்து ஒளிப்பதிவு செய்தார். நிஹலானி யார் தெரியுமா? படித்தது அதே பாலிடெக்னிக். தொழில் பழகியது மூர்த்தியிடம் உதவியாளராக!